அப்பாவின் ‘ரூமி’ கண்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

உமிச்சட்டி கேட்டது:

முதலில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கேள்வி.

என் அண்ணன் மகள் லீட்ஸில் இருக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில்தான். போன மாதம் தன் தாத்தாவைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றி, எட்டுப் பக்கத்தில் ஒரு கதை எழுதினாள். “அத்தை, இதை நீங்களே தமிழில் எழுதித் தாங்க, அப்பாவும் சித்தப்பாவும் படிக்கணும்” என்றாள். நான் 31 வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். ஆங்கிலத்தில் தீர்ப்பு, தமிழில் வாக்குமூலம் என்று இரண்டையும் அடித்துத் தேய்ந்த விரல்கள் இவை. எட்டுப் பக்கம் என்ன பெரிய விஷயம் என்று ஒத்துக்கொண்டேன்.

பொடி எழுத்து இப்போது எனக்குத் தெரிவதில்லை. அதனால் அவளையே வாசித்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னேன். காதில் வாங்கி அடிப்பது பழகிய வேலைதானே. மூன்றாம் பக்கத்தில் ‘ஹிஸ் ரூமி ஐஸ்’ என்று வந்தது. ரூம் என்றால் இடம். ‘ரூமி’ என்றால் இடம் தாராளமாக இருப்பது, கார் விளம்பரத்தில் சொல்வார்களே, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ‘விசாலமான விழிகளால் பேத்தியைப் பார்த்தார்’ என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

அரை மணியில் போன். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. “அத்தை, தாத்தாவை விசாலாட்சி ஆக்கிட்டீங்களே!”

எழுத்தைச் சொன்னாள்: ஆர், எச், ஈ, யூ, எம், ஒய். உச்சரிப்பு மட்டும்தான் இடம் தாராளமான ரூமியோடு ஒன்று. கைபேசியில் மொழிமாற்றிப் பார்த்தால் ‘வாத நோய் கண்கள்’ என்று வருகிறது. கண்ணுக்கு எங்கே மூட்டு இருக்கிறது, வாதம் வர? பெரிய அகராதியை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சளி போன்ற நீர் கசியும் கண்கள் என்று பொருள் தருகிறது. அதாவது பீளை.

அங்கேதான் கை நின்றுவிட்டது. என் அப்பா பொன்வேலைக்காரர். எங்கள் தெருவில் ஆசாரி வீடு என்றால் எங்கள் வீடு. முன் திண்ணையில் பட்டறை. உமிச்சட்டியில் கங்கு எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். ஊதுகுழலை வாயில் வைத்து, குனிந்து, வெண்காரம் பொங்குவதையே பார்த்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேல் ஊதினார். கடைசிப் பத்து வருடம் அவர் கீழிமை இரண்டும் சற்றுத் தொங்கி, உள்பக்கச் சிவப்பு வெளியே தெரியும். ஓரத்தில் எந்நேரமும் ஒரு சொட்டு நிற்கும், விழவும் விழாது. காலையில் எழுந்தால் இமை ஒட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் என் மருமகள் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறாள், அதில் பிழை இல்லை.

ஆனால் ‘பீளை வடியும் கண்களால் பேத்தியைப் பார்த்தார்’ என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். எங்கள் வீட்டில் பீளை என்பது காலையில் பிள்ளைகளை விரட்டுகிற சொல். “போ, பீளையைக் கழுவிட்டு வந்து காப்பி கேளு.” அதை அப்பாவின் முகத்தில், அதுவும் அச்சில் வைக்க மனம் வரவில்லை.

என் கேள்வி இதுதான். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் படிக்கிறவருக்கு முகம் சுளிக்குமா, மனம் இளகுமா? யாருக்கு, எப்போது இதைச் சொல்வார்கள்? தமிழில் நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?


சொட்டுமருந்து எழுதியது:

அம்மா, நான் கண் மருத்துவமனையில் பரிசோதனை உதவியாளர். மொழி பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, கண் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அந்த ‘விழாமல் நிற்கும் சொட்டு’ எங்களிடம் வரும் முதியவர்கள் பலரிடம் உண்டு. இமையின் மூக்கோர நுனியில், மேலே ஒன்று கீழே ஒன்றாகக் குண்டூசி முனை அளவில் இரண்டு துளைகள் இருக்கும். கண்ணீர் அதன் வழியாகத்தான் கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து மூக்குக்குள் இறங்கும். அழும்போது மூக்கும் ஒழுகுவதும், கண்ணில் மருந்து விட்டால் தொண்டையில் கசப்பதும் இந்த வழி இருப்பதால்தான். வயதானால் கீழிமை தளர்ந்துபோகும். துளை கண்ணைத் தொட்டு நிற்காமல் வெளிப்பக்கம் திரும்பிவிடும். அப்புறம் நீர் எங்கே போகும்? இமையோரத்திலேயே நிற்கும்.

இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள். கண் வறண்டு போனாலும் நீர் வடியும். வறட்சியில் கண் உறுத்தும், உறுத்தலுக்கு மூளை ‘நீர் விடு’ என்று சொல்லும், தரமில்லாத நீர் குபுக்கென்று வரும். “ஏன்ய்யா, தண்ணி வடியுதுன்னு வந்தா, காஞ்சுபோச்சுன்னு சொட்டு மருந்து தர்றீங்க?” என்று தினம் யாராவது சண்டை பிடிப்பார்கள். அனலிலும் புகையிலும் வேலை செய்தவர்களுக்கு உறுத்தல் சொல்லவே வேண்டாம். காலையில் ஒட்டுவது பெரும்பாலும் இமையோர அழற்சி.

நாங்கள் அட்டையில் எழுதுவது ‘எபிஃபோரா’. நீர் வடிதல், அவ்வளவுதான். நீங்கள் கேட்கும் சொல்லை எந்த மருத்துவரும் எழுதிப் பார்த்ததில்லை. இதைப் படிக்கும் யாருடைய வீட்டிலாவது பெரியவருக்கு மூக்கோரம் வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தால், ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். அது பைக்குக் கீழே அடைப்பு. எலும்பில் சிறு வழி திறந்து பையை மூக்கோடு இணைக்கும் அறுவை உண்டு. 1904இல் தோதி என்ற இத்தாலிய மருத்துவர் விவரித்த முறை, இன்றைக்கும் அதன் வழியில்தான் செய்கிறார்கள்.


ஓய்வுபெற்ற_சாக்பீஸ் எழுதியது:

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன். விசாலாட்சி கதையை என் மனைவியிடம் சொன்னேன், இரண்டு நாளாகச் சிரிக்கிறார்.

கைபேசி சொன்ன ‘வாத நோய்’ முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. ரூமியும், வாத நோய்க்கான ஆங்கிலச் சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கிரேக்கத்தில் ‘ரியூமா’ என்றால் ஓட்டம், ஒழுக்கு. பழைய ஐரோப்பிய வைத்தியத்தில், தலையில் சேரும் கெட்ட நீர் கீழே இறங்குகிறது என்று நம்பினார்கள். மூக்கில் இறங்கினால் சளி, கண்ணில் இறங்கினால் பீளை, மூட்டில் தங்கினால் வலி. பாரிஸில் கியோம் த பையூ என்ற மருத்துவர் மூட்டு நோயைத் தனியாகப் பிரித்து ‘ரூமாட்டிசம்’ என்று எழுதினார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1642இல்தான் அந்த நூல் அச்சானது. பின்னால் வைத்தியம் மாறியது, நம்பிக்கை போனது, பெயர் மட்டும் முழங்காலில் ஒட்டிக்கொண்டது. நம் கபத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆனால் ‘தலையில நீர் கோத்துக்கிச்சு’ என்று சொல்லும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு அந்த ஐரோப்பிய வைத்தியர் சொல்வது உடனே புரிந்திருக்கும்.

இந்தப் பெயரடை ஆதியில் கண்ணுக்கு மட்டும் உரியதல்ல. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், இரண்டாம் அங்கத்தில், விடியுமுன் எழுந்து வெளியே உலவும் புரூட்டஸை அவன் மனைவி போர்ஷியா கடிந்துகொள்கிறாள். உடம்பு சரியில்லை என்கிறாய், பிறகு ஏன் இந்த ‘ரூமி’ காற்றில் நிற்கிறாய் என்கிறாள். அங்கே சளி பிடிக்க வைக்கும் ஈரக்காற்று என்று பொருள். நம்மவர் என்றால் ‘பனியில் நிற்காதே’ என்பார்கள். இன்று காற்றுக்கு அதை யாரும் சொல்வதில்லை. கண்ணோடு மட்டும் தங்கிவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். யாருக்குச் சொல்வார்கள்? கிழவர்களுக்கு, கிழவிகளுக்கு, வயதான நாய்க்கு, நெடுநாள் குடிகாரனுக்கு. இளைஞனுக்குச் சொல்ல மாட்டார்கள். குழந்தைக்குச் சொன்னால் ஏதோ நோய் என்று பயந்துபோவார்கள். அழுகிறவரின் கண்ணுக்கும் இது பொருந்தாது, அதற்கு ‘டியரி’ இருக்கிறது. வெங்காயம் நறுக்கினாலோ எதிர்காற்றில் வண்டி ஓட்டினாலோ ‘வாட்டரி’. இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்து கோயம்பேட்டில் இறங்கும்போது நம் கண் இருக்குமே, எரிந்து, மங்கி, எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிந்து? அது ‘ப்ளியரி’. இதற்கும் ரூமிக்கும்தான் மாணவர்கள் அதிகம் குழம்புவார்கள். ப்ளியரி தூங்கி எழுந்தால் போய்விடும், ரூமி போகாது. காய்ச்சலிலோ போதையிலோ உயிரில்லாமல் பளபளத்தால் ‘கிளாஸி’. மெட்ராஸ் ஐ வந்து கண் ஒட்டிக்கொண்டாலும் ரூமி என்று எழுத மாட்டார்கள், அங்கே நீர் இருக்கிறது, பீளை இருக்கிறது, ஆனால் வயது இல்லை. அந்தச் சொல்லின் உள்ளே வயது உட்கார்ந்திருக்கிறது.

முகம் சுளிக்குமா? இதுதான் நல்ல கேள்வி. இங்கிலாந்தில் ஒரு தாய் காலையில் பிள்ளையின் கண்ணைத் துடைக்கும்போது ரூமி என்ற சொல்லையே எடுக்க மாட்டாள். கண்ணில் ‘ஸ்லீப்’ இருக்கிறது என்பாள். தூக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்! அமெரிக்கப் பிள்ளைகள் ‘ஐ பூகர்ஸ்’ என்பார்கள், கண்ணின் மூக்குச்சளி. உங்கள் வீட்டுப் பீளைக்குச் சரிநிகர் அவைதான். ரூமி புத்தகத்தில் மட்டும் வாழும் சொல். வாயில் புழங்காததால் அழுக்கு ஒட்டவில்லை. பொருள் பீளைதான், ஆனால் சலவைக்குப் போய் வந்த பீளை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், உங்கள் மருமகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலக் கதைகளில் கிழவர் வந்தால் கூடவே இந்தச் சொல்லும் வந்துவிடும். நம் பழைய தொடர்கதையில் கதாநாயகி வந்தால் மீன் விழி வருவது போல.


உமிச்சட்டி எழுதியது:

சாக்பீஸ் ஐயா, ‘சலவைக்குப் போய் வந்த பீளை’ என்பதைத் தனித்தாளில் அடித்து வைத்துக்கொண்டேன்.

சொட்டுமருந்து தம்பிக்கு நன்றி. வறண்டதால் வடிகிறது என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா பட்டறையில் திராவகப் புகை வேறு. நாங்கள் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தோம்.


வெள்ளைநகரம் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து ஒரு சிறு துணுக்கு. பிரெஞ்சில் ஜலதோஷத்துக்கு ‘ரூம்’ என்றுதான் பெயர், அதே கிரேக்க வேர். எங்கள் பெரியப்பா தும்மினால் “ழ ஸ்வி ஆன்ரூமே” என்பார், சளி பிடித்திருக்கிறதாம். ஆக அங்கே அது மூக்கோடு நின்றுவிட்டது, இங்கிலாந்தில் கண்ணுக்கு ஏறிவிட்டது.


மூன்றாம்_வரிசை_பெஞ்சு எழுதியது:

கண்ணைப் பற்றிய ஒரு பெயரடை மொழிபெயர்ப்பாளர்களைப் படுத்தியது இது முதல் முறை இல்லை. எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒவ்வொரு வருடமும் இந்தச் சண்டை வரும்.

ஆதியாகமம் 29ஆம் அதிகாரம், 17ஆம் வசனம். லாபானுக்கு இரண்டு பெண்கள். இளையவள் ராகேல் அழகி. மூத்தவள் லேயாளைப் பற்றி ஒரே ஒரு சொல்தான், அவள் கண்கள் ‘ரக்கோத்’ என்கிறது எபிரேயம். மென்மையான, இளகிய என்று பொருள். இது புகழ்ச்சியா குறையா என்று இன்றுவரை இரண்டு கட்சி. 1611 ஆங்கில வேதாகமம் ‘டெண்டர் ஐட்’ என்று சாமர்த்தியமாக அப்படியே போட்டுத் தப்பித்துக்கொண்டது. அதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு முன்பே லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் தயங்கவில்லை. ‘லிப்பிஸ் ஓகுலிஸ்’ என்று எழுதிவிட்டார். லிப்பஸ் என்றால் பீளைக்கண். அக்கா கேட்கும் ரூமிக்கு நேர் லத்தீன் அதுதான். பாவம் லேயாள், லத்தீன் படித்த ஐரோப்பா முழுக்கப் பல நூற்றாண்டுகள் பீளைக்கண்ணியாகவே இருந்தாள்.

நம் தமிழ் வேதாகமத்தில் என்ன தெரியுமா? ‘கூச்சப்பார்வை’. சின்ன வயதில் நான் அவள் வெட்கப்படுகிறவள் என்றுதான் நினைத்தேன். வெளிச்சத்தில் கண் கூசுவதையும் அது குறிக்கும் என்று பெரியவனான பிறகுதான் உறைத்தது. குறையும் சொன்ன மாதிரி ஆச்சு, பெண்ணை அவமானப்படுத்தாத மாதிரியும் ஆச்சு. அந்த மொழிபெயர்ப்புக்காரர்களும் அக்காவைப் போலவே இரண்டு முறை அழித்து எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

லிப்பஸ் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ரோமாபுரிக் கவிஞர் ஹொரேஸ் ஒரு பயணக் கவிதையில் தன்னையே லிப்பஸ் என்கிறார். வழியில் நின்று கண்ணுக்குக் கறுப்பு மருந்து தடவிக்கொண்டாராம். தன் பீளையைத் தானே எழுதினால் நகைச்சுவை. அடுத்தவர் பீளையை எழுதும்போதுதான் சங்கடம்.


காப்புக்கட்டு எழுதியது:

எங்க கொங்குப் பக்கம் பேச்சில் அது பூளை. பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் கூரையில் செருகுவோமே, அந்த வெள்ளைப் பூவும் பூளைதான். வைத்தியர் கேட்டால் சிறுபீளை என்பார், கல்லடைப்புக்குக் கஷாயம் வைக்கக் கொடுப்பார். வாசலில் மங்கலமாகச் செருகுகிற பூவுக்கும் அந்தப் பெயர் இருக்கும்போது சொல்லைக் கண்டு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்பது என் கட்சி.


கிழக்கு_முற்றம் எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோவிலை வயது போன ஆக்களைப் பராமரிக்கிற இடத்திலை வேலை. பதினாறு வருசம். இங்கை ஒருத்தரும் ரூமி எண்டு சொல்லிக் கேட்டதில்லை. குறிப்பேட்டிலை ‘வாட்டரி ஐஸ், கிளீன்ட்’ எண்டு எழுதுவம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் காலமை இளஞ்சூட்டுத் தண்ணியிலை துணியை நனைச்சு, மூக்குப் பக்கத்திலை இருந்து வெளிப்பக்கமாத் துடைக்கிறது. ஒரு கண்ணுக்கு ஒரு துணி, மற்றக் கண்ணுக்கு வேறை துணி. முதல் மாசம் எனக்கு அருவருப்பாத்தான் இருந்தது. பிறகு என்ன நடந்தது எண்டு தெரியேல்லை, துடைச்சு முடிய அவை கண்ணைத் திறந்து பார்க்கிற அந்தப் பார்வைக்காகவே துடைக்கத் தொடங்கீட்டன்.

அதாலை நான் சொல்லுறன், பீளையை எடுத்துப் போடாதேங்கோ. உங்கட அப்பாவுக்குப் பீளை வந்தது, ஆரோ துடைச்சு விட்டிருப்பினம். அதைத் ‘துளிர்த்த நீர்’ எண்டு வடிவாக்கினால் துடைச்ச ஆளின்ரை கையும் கதையிலை இருந்து போயிடும். சாக்பீஸ் ஐயா சொன்ன மாதிரி ஆங்கிலச் சொல் சலவை செய்தது. தமிழிலையும் சலவை செய்யத்தான் வேணுமோ?


ஓய்வுபெற்ற_சாக்பீஸ் எழுதியது:

கிழக்கு முற்றம் அவர்கள் என் காதைத் திருகிவிட்டார், சரிதான்.

ஆனாலும் இன்னொரு வழி இருக்கிறது என்று காட்டத் தோன்றுகிறது. புறநானூறு 159. பெருஞ்சித்திரனார் குமணனிடம் தன் வீட்டு வறுமையைச் சொல்கிறார். முதலில் வருவது அவருடைய தாய். உயிர் போகமாட்டேன் என்கிறதே என்று நொந்துகொண்டு, கோலைக் காலாக ஊன்றி, சிறு சிறு அடியாக நடக்கிறவள். ‘நூல்விரித் தன்ன கதுப்பினள், கண்துயின்று, முன்றில் போகா முதிர்வினள் யாயும்.’ நூலைப் பிரித்துப் போட்டது போலக் கூந்தல். கண்ணுக்கு? மங்கிய, ஒளியிழந்த, வடிகின்ற என்று ஒரு அடைமொழியும் இல்லை. ‘கண்துயின்று.’ கண் தூங்கிவிட்டது. அவள் விழித்திருக்கிறாள், கண் தூங்கிவிட்டது.

ஆங்கிலத்துக்காரர் பெயருக்கு முன்னால் ஒரு அடையைக் குத்திவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த வேலையைத் தமிழில் வினை செய்யும். கண்ணுக்கு நாம் எத்தனை வினை வைத்திருக்கிறோம் பாருங்கள். பூக்கும், பஞ்சடையும், இருளும், இடுங்கும், கசியும், பனிக்கும், சொக்கும், குழி விழும். அப்பாவின் கண் எப்படிப்பட்டது என்று தேடாமல், அது என்ன செய்தது என்று எழுதிப் பாருங்கள். ‘பஞ்சடைந்த’ வேண்டாம், அது சாவுக்கோ பசிக்கோ பக்கத்தில் நிற்கும் சொல். ‘பனித்த’ என்றால் நெகிழ்ந்து அழுகிறார் என்றாகிவிடும். ‘கசிந்த’ என்றாலும் பக்தி வந்துவிடும், தேவாரம் கேட்டவர்களுக்கு. ‘நீர் கோத்து நின்றது’ ஒன்றுதான் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறது.

போகிற போக்கில்: சொட்டுமருந்து சொன்ன எபிஃபோரா அணியிலக்கணத்திலும் உண்டு. வரிதோறும் இறுதியில் அதே சொல் வந்து நிற்பது. நம் இயைபுக்குப் பக்கத்து வீடு. கண்ணோரத்தில் வந்து நிற்கும் சொட்டுக்கும் அதே பெயர் வைத்த கிரேக்கனை எனக்குப் பிடித்திருக்கிறது.


சொட்டுமருந்து எழுதியது:

இனிமேல் அட்டையில் எபிஃபோரா எழுதும்போதெல்லாம் எனக்கு இயைபு ஞாபகம் வரும். நல்லா இருக்கு சார்.


உமிச்சட்டி எழுதியது:

நான்கு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும். லீட்ஸுக்குப் பேசினேன்.

“ஏன்ம்மா அந்தச் சொல்லைப் போட்டே?” என்று கேட்டேன். பள்ளியில் ஏதோ நாவலில் படித்தாளாம், சத்தம் பிடித்துப்போயிற்றாம். வாயால் ஒரு நாளும் சொன்னதில்லையாம், எனக்கு வாசித்து அனுப்பியபோதுதான் முதல் தடவை. சாக்பீஸ் ஐயா சொன்னது அப்படியே சரி. கிழவர்களோடு கூடவே வரும் சொல் என்று சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தெரியும் அத்தை, எங்க வகுப்புலயும் சொன்னாங்க” என்றாள்.

அப்புறம் அவளாகவே ஒன்று சொன்னாள். ஐந்து வயதில் முதல் தடவை ஊருக்கு வந்தபோது, தாத்தா திண்ணையில் உட்கார்ந்து எந்நேரமும் அழுகிறார் என்று நினைத்தாளாம். நாம் வந்தது தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை போல என்று தன் அம்மாவிடம் கேட்டாளாம். யாரோ விளக்கம் சொன்னார்கள், ஆனால் அவள் நம்பவில்லை. தினமும் ஒரு மிட்டாயைக் கொண்டுபோய்ப் பட்டறையில், குறடு வைக்கும் தட்டில் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாளாம். அந்த மிட்டாய் எனக்கு நினைவிருக்கிறது. தட்டில் எறும்பு மொய்த்துக் கிடக்க, “பொன்பொடிக்கு எறும்பு வருமாட்டி?” என்று அப்பா என்னிடம் கேட்டார். யார் போட்டது என்று 27 வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

எட்டுப் பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை! “இதையல்லவா எழுதணும்” என்றேன். எழுதி அனுப்பியிருக்கிறாள். ஆங்கிலத்தில் ரூமியை எடுத்துவிட்டாள்.

தமிழில் நான் எழுதியது இது. பார்த்துச் சொல்லுங்கள்:

‘தாத்தா ஊதுகுழலைக் கீழே வைத்தார். கண்ணோரம் எப்போதும் போல நீர் கோத்து நின்றது. துண்டின் நுனியால் ஒற்றிக்கொண்டு, தட்டில் கிடந்த மிட்டாயைப் பார்த்தார். அது ஏன் அங்கே வந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.’

கிழக்கு முற்றம் தங்கைக்காக முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான்:

‘விடிந்ததும் ஆச்சி வெந்நீரில் துணியை நனைத்து, தாத்தாவின் பீளையைத் துடைத்துவிடுவாள். பிறகுதான் அவருக்கு நாங்கள் தெரிவோம்.’


கிழக்கு_முற்றம் எழுதியது:

அக்கா, இனி இதிலை கை வைக்காதேங்கோ.


ஓய்வுபெற்ற_சாக்பீஸ் எழுதியது:

‘பிறகுதான் அவருக்கு நாங்கள் தெரிவோம்’ என்ற இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் மனைவி என் கண்ணைப் பார்த்து “இது எந்த வகை?” என்று கேட்டார். டியரிதான் என்று ஒத்துக்கொண்டேன்.


உமிச்சட்டி எழுதியது:

ஒரு திருத்தம். நேற்று அண்ணனுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் கேட்டான். முடிந்ததும், “எல்லாம் சரிதாம்ட்டி. ஆனா அய்யா கண்ணு துடைச்சது துண்டு இல்லை, பழைய வேட்டிக் கிழிசல்லா. துண்டு உறுத்தும்னு அம்மா கிழிச்சிக் கொடுப்பா” என்றான்.

உண்மைதான். மாற்றிவிட்டேன்.